பனைக்கொடிக்கு என்ன நிறம்?

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் கதைக்கு வரைபடம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அரியலூர்க்காரர்கள் முதலில் தேடுவது கங்கைகொண்ட சோழபுரத்தைத்தான். அது அந்தப் படத்தில் இல்லை. இருக்கவும் கூடாது. கதை நடப்பது சுந்தர சோழர் ஆண்ட பத்தாம் நூற்றாண்டின் அறுபதுகளில். கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய முதலாம் இராசேந்திரனின் தகப்பனார் அருள்மொழியே அப்போது இளவட்டம்தான். தலைநகர் அங்கே மாறியது 1025-ஐ ஒட்டி. தஞ்சைப் பெரிய கோயிலே 1010-ல்தான் முடிந்தது. தஞ்சைக்குள் நுழையும் கதாநாயகன் வந்தியத்தேவன் பார்த்திருக்க முடியாத விமானத்தை, அவன் போன வழியைக் காட்டும் படத்தில் மட்டும் எப்படி வைப்பது?

இந்தக் கழித்தல் வேலையை அரியலூரில் ஒரு வரைவாளர் செய்துவருகிறார். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குப் படம் போடுவது அவருடைய பிழைப்பு. குத்தகை எல்லை, எல்லைக்கல், தோண்டிய ஆழம், மழைநீர் வடியும் வழி எல்லாவற்றையும் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து வருவார்கள். அதைக் கணினியில் கோடாக்கித் தருவது அவர் பொறுப்பு. கோடு ஒரு மீட்டர் தள்ளினாலும் பக்கத்துப் புல எண்காரர் வாசலில் வந்து நிற்பார். அந்தக் கண்டிப்போடுதான் அவர் கல்கியின் சோழநாட்டுக்குள் வந்தார்.

அவரோடு சிலர் சேர்ந்தார்கள். பெரம்பலூரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஒரு பெண், கதையில் வரும் குலங்களுக்குக் கொடியும் இலச்சினையும் வரைகிறார். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டி எது சரி, எது இல்லை என்று பார்க்கிறார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாசகர்கள் நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து, ஊர்ப்பெயர் வரும் இடங்களையெல்லாம் பட்டியல் போட்டுத் தருகிறார்கள். விக்கியில் பாத்திரங்களுக்கும் ஊர்களுக்கும் குலங்களுக்கும் இருக்கும் பக்கங்களில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்கள் இருக்க வேண்டும் என்பது இவர்கள் நோக்கம்.

இந்த வேலைக்குச் சட்டத்தின் வாசல் திறந்தே இருக்கிறது. கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954-ல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கி மறைந்தார். 1999-ல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. மதுரைத் திட்டத்தார் மின்னூலாக ஏற்றினார்கள். விக்கிமூலத்திலும் ஐந்து பாகமும் கிடைக்கிறது. 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்த பிறகு, நாவலைத் தொட்டிராத பிள்ளைகள்கூடப் பழுவூர் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

1954-ல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தில் டோல்கீனின் மோதிரக் கதையின் முதல் பாகம் வெளிவந்தது. அதற்கு வரைபடம் போட்டவர் அவர் மகன் கிறிஸ்டோபர். அந்தக் கற்பனை நாட்டில் மலையை எங்கே வைப்பது, ஆற்றை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைத் தகப்பனும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். கல்கியின் வாசகருக்கு அந்த வசதி கிடையாது. கொள்ளிடம் இன்றும் ஓடுகிறது. வீராணத்தில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. அரியலூரிலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழப்பழுவூரில் பஸ் நிற்கும். கற்பனைக்கும் தரைக்கும் நடுவே விழும் இடைவெளியை மறைக்காமல் காட்டத் தெரிய வேண்டும். இந்த வரைவாளர் கற்ற தொழில் அதுதான்.

அவருடைய கோப்பைத் திறந்தால் மூன்று லேயர் இருக்கும். முதல் லேயர் கல்கி சொன்னது: நாவலில் ஒரு ஊரோ வழியோ வந்தால் மட்டும் அதில் ஏறும். இரண்டாவது, கல்லும் செப்பேடும் சொன்னது. மூன்றாவது இன்றைய தரை: ஊர், ஆறு, ஏரி, சாலை, மாவட்ட எல்லை. மூன்றுக்கும் மூன்று நிறம். ஒரு லேயரில் இருப்பதை இன்னொன்றுக்கு நகர்த்துவதானால் சான்று வேண்டும். சுரங்க வேலையில் அனுமதி வாங்கிய எல்லையையும் உண்மையில் வெட்டிய எல்லையையும் ஒரே நிறத்தில் போடக் கூடாது. அந்த விதியைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார்.

தரை லேயரிலிருந்து அவர் அழித்தவற்றின் பட்டியல் நீளம். 1934-ல் வந்த மேட்டூர் அணை போயிற்று. 1836-ல் கட்டிய முக்கொம்பு மேலணையும் அணைக்கரைக் கீழணையும் போயின. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை நின்றது. பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடிக் கோட்டையை எடுக்க வேண்டியிருந்தது. அது பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை. உடையார்பாளையம் ஜமீனுக்கும் அதே கதி. மாவட்ட எல்லைகளை மட்டும் மெல்லிய புள்ளிக்கோடாக விட்டுவைத்தார். திருச்சியிலிருந்து 1995-ல் பிரிந்த பெரம்பலூர், 2001-ல் பிறந்து 2002-ல் மறைந்து 2007-ல் மறுபடி வந்த அரியலூர் என்று அந்தக் கோடுகளே நம் கண்முன் மாறியவை. இன்று படிப்பவர் தன் ஊரை அடையாளம் காண அவை உதவும். அதற்கு மேல் அவற்றுக்கு வேலை இல்லை.

கீழணையை அழிக்கும்போது தமிழாசிரியர் ஒரு விவரம் சொன்னார். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் வெளி மதிலைப் பெயர்த்து, அந்தக் கல்லைக் கொண்டுதான் கீழணை கட்டினார்கள். அந்த மதில் நின்ற காலத்துக்கு அவர்கள் தனியாக இன்னொரு படம் போடுகிறார்கள். அதில் சோழகங்கம் என்ற பேரேரி, இன்றைய பொன்னேரி, முழு அளவில் வருகிறது. 1980 முதல் அகழாய்வில் அரண்மனைச் சுவர்கள் வெளிப்பட்ட மாளிகைமேடும் வருகிறது. இரண்டு படத்துக்கும் நடுவே அறுபது ஆண்டு. ஒன்றின் ஊர் மற்றதில் கலந்துவிடாமல் பார்ப்பதே பெரிய காவல் வேலை.

அடிப்படம் சேர்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் பழைய எண்முறைப்படி பெரம்பலூர் 58 ஐ தாளில் விழும். அரியலூர் 58 எம் தாளில் விழும். 79 பாகை கிழக்குத் தீர்க்கரேகை இரண்டு ஊருக்கும் நடுவே போகிறது. தஞ்சாவூர் வேண்டுமானால் 58 என் தாள். மருதையாறு பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் கலக்கிறது. தாள் மாறும் இடத்தில் அதன் இரு கரையும் ஒட்டாமல் நின்றால் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வைத்து இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தும் ஆற்றுக்கோடு எடுக்கலாம், அவர்கள் பெயரைப் படத்தின் ஓரத்தில் போட்டால் போதும். ஆனால் அது இன்றைய ஆறு. மணலும் வெள்ளமும் கரையை நகர்த்திக்கொண்டே இருக்கும் கொள்ளிடத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கரையை யாராலும் கோடு போட்டுச் சொல்ல முடியாது. அதனால் ஆற்றை ஒற்றைக் கோடாகப் போடாமல், அகலமான வெளிர்ப் பட்டையாகப் போட்டார்.

தூரக்கணக்கு அதைவிடக் கடினம். கல்கி கிலோமீட்டரில் பேசவில்லை, காதத்தில் பேசினார். முதல் அத்தியாயத்திலேயே, இன்று வீராணம் என்று வழங்கும் வீரநாராயண ஏரிக்கு ஒன்றரைக் காத நீளம் சொல்கிறார். பழைய வாய்ப்பாட்டில் ஏழரை நாழிகை வழி ஒரு காதம். நாழிகைக்கு 24 நிமிடம் என்று பெருக்கினால் மூன்று மணி நேர நடை. காதத்துக்குப் பத்து மைல் என்று ஊர்ப்புறத்தில் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ இதோடு ஒத்துப்போகிறது. அப்படிப் பார்த்தால் ஏரி 24 கிலோமீட்டர் நீள வேண்டும். இன்றைய வீராணம் அவ்வளவு நீளம் இல்லை.

“காதத்தைச் சுருக்கிடலாமாண்ணே?” என்று பெரம்பலூர்ப் பெண் கேட்டார்.

“சுருக்கினா தஞ்சாவூரும் பழையாறையும் கூடவே சுருங்கும்மா. ஏரிக்காக ஊரை நகத்த முடியாது,” என்றார் வரைவாளர்.

கடைசியில் படத்தின் அடியில் காத அளவுகோல் போடுவதையே விட்டார்கள். தரைக்குக் கிலோமீட்டர் அளவுகோல் ஒன்று. கதை வழிக்கு, எந்த இடத்தில் பொழுது விடிந்தது, எந்த இடத்தில் இருட்டியது என்று நாவல் சொல்லும் நேரங்களைக் குறிக்கும் சின்னச் சூரியனும் பிறையும். வீராணத்தின் கரையில் ஆடிப் பதினெட்டு அந்தி. கடம்பூர் மாளிகையில் இரவு. பிறகு கொள்ளிடத்துப் படகுத்துறை, குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை. இந்த முறையில் வாசகர் வந்தியத்தேவனோடு கூடவே போகலாம். குதிரை எவ்வளவு வேகம் என்ற வழக்கும் இல்லை.

பழுவூர்தான் இந்த மூன்று லேயர் முறைக்கு உரைகல். நாவலில் அது இரண்டு பழுவேட்டரையர்களின் ஊர். ஆனால் அவர்களை நாம் பெரும்பாலும் தஞ்சைக் கோட்டையிலும் கடம்பூரிலும்தான் சந்திக்கிறோம். கல்லில் பார்த்தாலோ பழுவூர் நிறைந்து கிடக்கிறது. கீழப்பழுவூரில் சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில். மேலப்பழுவூரில் பகைவிடை ஈசுவரம். பக்கத்துக் கீழையூரில் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்ற வளாகம். வடவாயில் ஸ்ரீகோயில், தென்வாயில் ஸ்ரீகோயில் என இரண்டு சிவன் கோயில்கள் ஒரே மதிலுக்குள் நிற்பதால் ஊரார் இரட்டைக்கோயில் என்கிறார்கள். சிறுபழுவூர், பெரும்பழுவூர் என்று கல்வெட்டு பிரித்துச் சொல்லும் இடங்கள் இன்றைய கிராமங்களில் எங்கெங்கே விழுகின்றன என்பதை மருத்துவரும் வரலாற்றாய்வாளருமான இரா. கலைக்கோவன் ‘பழுவூர்ப் புதையல்கள்’ நூலில் களஆய்வோடு எழுதியிருக்கிறார். குழுவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கை முதலில் போவது அந்த நூலுக்குத்தான்.

பழுவூர் அரசர்களும் கற்பனை இல்லை. குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்று தொடர்ந்து பெயர் வருகிறது. சுந்தர சோழர் காலத்து அன்பில் செப்பேடு, முதற் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததைச் சொல்கிறது. அந்தக் குலத்தைக் கேரளரோடு சேர்த்தும் சொல்கிறது. அந்தச் செப்பேட்டின் கொடையைப் பெற்றவரே அநிருத்த பிரமாதிராயர். நாவலில் முதன்மந்திரியாக வரும் அதே மனிதர். அன்பில், லால்குடி வட்டாரத்தில், அரியலூர்க்காரர்கள் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. நாவலின் பாத்திரம் ஒன்று பக்கத்து ஊர்ச் செப்பேட்டிலிருந்து எழுந்து வந்தது என்று தெரியும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைத் தமிழாசிரியர் பலமுறை பார்த்திருக்கிறார்.

கல்வெட்டு லேயரில் எல்லைக்கோடு கிடையாது, புள்ளிகள்தான். இந்த ஒழுங்கை அவர்கள் எ. சுப்பராயலு அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1973-ல் வெளியான அவருடைய சோழமண்டல அரசியல் புவியியல் நூல், நாடு என்ற சோழர்கால நிலப்பிரிவு ஒவ்வொன்றிலும் கல்வெட்டு எந்த ஊர்களைச் சொல்கிறது என்று பார்த்து, அந்த ஊர்களை இன்றைய நிலத்தில் கண்டுபிடித்து, அதன் பிறகே நாட்டின் பரப்பைக் காட்டுகிறது. ஊர்கள் தெரிந்தால் நாடு தெரியும். பழுவூர் குன்றக்கூற்றத்தில் இருந்ததாகக் கல் சொல்கிறது. கூற்றத்தின் வேலியைக் கல் சொல்லவில்லை. ரசிகர்கள் போடும் படங்களில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் நடுவே தடித்த சிவப்புக் கோடு ஒன்று ஓடுவது வழக்கம். இவர்களுடைய படத்தில் அப்படி எதுவும் ஓடாது.

ஊர்ப்பெயரைப் பிடிக்க வரைவாளருக்குத் தன் தொழிலே கைகொடுத்தது. கிராமப் படத்தையும் புலப்படத்தையும் படித்துப் பழகியவர் அவர். ஊர்ப்பெயர் மாறியிருக்கும், ஏரிப்பெயர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. மதகு, கலிங்கு, வாய்க்கால் தலைப்பு, பொட்டல் ஆகியவற்றுக்கு ஊரார் வழங்கும் பெயர்களில் பழையது ஒளிந்திருக்கும். கொள்ளிடத்தின் வடகரையில் கோவிந்தபுத்தூருக்கு அவர்கள் இப்படித்தான் போனார்கள். உத்தம சோழனின் அதிகாரி அம்பலவன் பழுவூர் நக்கன் அங்கே கோயிலைக் கல்லால் எடுப்பித்தவர். நாவலில் அவர் பாத்திரம் இல்லை. எனவே முதல் லேயரில் அந்த ஊருக்கு இடம் இல்லை. இரண்டாவது லேயரில் அடர்ந்த புள்ளி ஒன்று விழுந்தது. நாவலின் காலத்தை ஒட்டி வாழ்ந்த மனிதர் பழுவூரைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கிறார். அந்தப் புள்ளியைத் தட்டினால் அவரைப் பற்றிய பக்கம் திறக்கும்.

கொடிகளின் கதை வேறு. மேற்கத்தியக் கற்பனைத் தொடர்களின் ரசிகர்கள் குலச்சின்னம் வரையும்போது அவர்கள் கையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஜார்ஜ் மார்ட்டினின் கதையில் ஸ்டார்க் குலத்துக்கு வெண்புலத்தில் சாம்பல் ஓநாய். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் வளர்ந்த வழக்கம் அது: புலம் எந்த நிறம், உருவம் எந்த நிறம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், முன்பின் பார்த்திராத இரண்டு ஓவியர்கள் ஒரே சின்னத்தை வரைந்துவிடலாம். மார்ட்டினின் ரசிகர்களாகத் தொடங்கி அப்படி விவரம் சேர்த்துவந்த எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் இருவரும் 2014-ல் அவரோடு சேர்ந்தே அந்த உலகத்தைப் பற்றிய நூலை எழுதும் அளவுக்குப் போனார்கள்.

தமிழ் மரபில் உருவம் உண்டு, நிறச் சூத்திரம் கிடையாது. சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல், சேரருக்கு வில், பல்லவருக்கு நந்தி, சாளுக்கியருக்கு வராகம். செப்பேட்டு முத்திரையிலும் காசிலும் உலோகத்தின் நிறம்தான். சிவப்புத் துணியில் மஞ்சள் புலி என்று இன்று எல்லோருக்கும் பழகிப்போன சோழக்கொடி, நம் காலத்து ஓவியர்களின் தேர்வு. பெரம்பலூர்ப் பெண் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்: இலச்சினையை முதலில் ஒற்றைக் கறுப்பில் வரைய வேண்டும், நிறம் கொடுத்த வடிவம் தனிக் கோப்பு, அதன் விளக்கத்தில் ‘நிறம் ஓவியர் தேர்வு’ என்று இருக்க வேண்டும்.

புலியில் இன்னொரு வழக்கு வந்தது. வெள்ளித்திரையிலும் அட்டைப்படங்களிலும் சோழப்புலி பாயும். உத்தம சோழன் பெயர் பொறித்த பொற்காசைப் பாருங்கள்: புலி உட்கார்ந்திருக்கிறது, எதிரே மீன். இராசேந்திரனின் செப்பேட்டு முத்திரையிலும் உட்கார்ந்த புலிதான். பக்கத்தில் இரண்டு கயல், ஒரு வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். உட்கார்ந்த புலியில் வீரம் தெரியவில்லை என்று இளைஞர்கள் சிலர் சண்டை பிடித்தார்கள். “அது அரியணையில உக்காந்த புலிப்பா. பாஞ்சு பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடிச்சாச்சு, மீனும் வில்லும் பக்கத்துலயே கிடக்கு பார்,” என்றார் தமிழாசிரியர். அதற்குப் பிறகு பாயும் புலி நாவல் லேயருக்கும் உட்கார்ந்த புலி கல்வெட்டு லேயருக்கும் என்று ஒதுக்கினார்கள்.

பழுவூர்க் கொடிக்குப் பனைமரம். கதை தொடங்கும்போதே வீரநாராயண ஏரியில் பனைக்கொடி பறக்கும் படகுகள் வருகின்றன. பழுவூர் இளையராணி நந்தினி வந்தியத்தேவனிடம் கொடுப்பதும் பனை இலச்சினை பொறித்த மோதிரம்தான். அதைக் காட்டினால் கோட்டைக் கதவு திறக்கும். சேரருக்குப் பனம்பூ மாலை என்பது சங்ககாலம் தொட்டு வரும் மரபு. அன்பில் செப்பேடு பழுவேட்டரையரைக் கேரளரோடு சேர்ப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல்கி தேர்ந்த மரம் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று புரியும்.

ஆனால் பனையை வரைவது சுலபமில்லை. முதலில் வந்த வரைவுகளில் பாதி தென்னையாக இருந்தன. நகரத்துப் பிள்ளைகள் மட்டையை நீட்டி, கீற்றைத் தொங்கவிட்டு, அடிமரத்தை வளைத்துவிடுகிறார்கள். பனை வளையாது. அதன் ஓலை விசிறி. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விரியும், நுனி மட்டும் பிளந்திருக்கும். உச்சி உருண்டையாகத் திரளும். கழுத்தில் காய்ந்த மட்டைகள் அடியை மட்டும் விட்டுவிட்டு உதிர்வதால் சுற்றிலும் ரம்பப் பல் தெரியும். இவ்வளவையும் சட்டைப் பொத்தான் அளவு மோதிரத்தில் காட்ட வேண்டும். கடையில் வினைல் வெட்டும் கட்டர் இயந்திரத்தில் பழகியவர் அந்தப் பெண். எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கோடு கிழியும் என்பது அவர் கைக்குத் தெரியும். ஓலையின் மடிப்புகளை ஒற்றைப்படை எண்ணில் வைத்தார், நடுமடிப்பு நேரே மேலே நிற்க. ஓலைகளுக்கு நடுவே வெளிச்சம் புகும் இடைவெளியை ஓலையின் தடிமனுக்குச் சமமாக விட்டார். விக்கிப் பக்கத்தின் மூலையில் நகக்கண் அளவுக்குச் சுருங்கினாலும் பனை பனையாகவே நிற்கிறது.

பிறகு ஆண்பனையா பெண்பனையா என்ற கேள்வி வந்தது. குலை தொங்கினால் பெண்பனை. விரல் விரலாகப் பாளை நீண்டால் ஆண்பனை. வரைந்த தாளை எடுத்துக்கொண்டு பெண்ணும் வரைவாளரும் செந்துறைச் சாலையோரம் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினார்கள்.

“பெரியவரே, இதப் பாத்தா என்ன மரம்னு தோணுது?”

அவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “பனைதான். ஆனா வடலியா, முத்துன மரமா? வடலின்னா அடி வரைக்கும் மட்டை இருக்கும். முத்துன மரம்னா மரம் மொழுமொழுன்னு ஏறும். கொடியில போடறதுன்னா முத்துன மரமாப் போடும்மா, காய்ச்ச மரமா இருக்கட்டும்.”

அந்த வார்த்தையை வைத்துக் கொடியில் குலையோடு கூடிய முதிர்ந்த பெண்பனையும், மோதிரத்தில் இடம் போதாததால் குலையில்லாத பனையும் என்று முடிவாயிற்று. இரண்டின் விளக்கக் குறிப்பிலும் மரம் மட்டும் கல்கியுடையது, குலை ஓவியருடையது என்று எழுதியிருக்கிறது.

படம் என்றாலே எல்லோருக்கும் மணியம் நினைவுக்கு வருவார். தொடர் வந்த காலத்தில் வாரம்தோறும் வந்தியத்தேவனையும் குந்தவையையும் நந்தினியையும் வரைந்து, தமிழ்நாட்டின் கண்ணில் அவர்களுக்கு முகம் கொடுத்தவர். அந்த ஓவியங்களை ஸ்கேன் எடுத்து விக்கியில் ஏற்றிவிடலாமே என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுத்து நாட்டுடைமை ஆனதால் ஓவியம் பொதுச்சொத்து ஆகிவிடாது. மணியம் மறைந்தது 1968-ல். இந்தியச் சட்டப்படி ஆக்கியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை நிற்கும். திரைப்படத்தில் தோட்டா தரணி அமைத்த அரண்மனைக்கும் இன்றைய கலைஞர்கள் போட்ட கொடிக்கும் இதே கட்டுப்பாடு. அதனால் பார்த்து வரைவது கூடாது என்பது குழுவின் முதல் நிபந்தனை. கல்லிலிருந்தோ, காசிலிருந்தோ, மரத்திலிருந்தோ, கல்கியின் வாசகத்திலிருந்தோதான் கோடு தொடங்க வேண்டும். வரைந்து முடித்ததை எஸ்விஜி கோப்பாக விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுகிறார்கள். பெயர் சொல்லிவிட்டு யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் அதேபோல் திறந்து வைக்க வேண்டும்.

திறந்து வைத்தால் திருத்தம் வரும். கடம்பூர்தான் அதிகம் அடிபட்ட ஊர். நாவலில் சம்புவரையர் மாளிகையும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாவும் அங்கேதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் இருக்கிறது; குலோத்துங்கன் காலத்துத் தேர்வடிவக் கோயிலும் இருக்கிறது. அதே வட்டாரத்தில் உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் உறவினர் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. கொலை எந்த ஊரில் நடந்தது என்று அந்தக் கல் சொல்லவில்லை. மேலக்கடம்பூரில் கொலைக்குறி போட வேண்டும் என்று ஒருவர் போடுவார். எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் எடுப்பார். இப்போது அந்த இடத்தில் நாவல் நிறத்தில் ஒரு வெற்று வட்டமும், உடையார்குடியில் கல்வெட்டு நிறத்தில் நிறைந்த வட்டமும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கோடு கிடையாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வரைவாளரின் வீட்டிலேயே கேட்டதுண்டு. அவர் காட்டுவது பழுவூருக்கு வரும் ஆட்களை. படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு இரட்டைக்கோயிலுக்கு வருகிறார்கள். தென்வாயில் கோயிலின் சிம்மத் தூண்களுக்கு முன்னால் நின்று, பெரிய பழுவேட்டரையர் இங்கேதான் கும்பிட்டாரா என்று கேட்கிறார்கள். நாவலின் நிறத்தையும் கல்லின் நிறத்தையும் பார்த்துப் பழகிவிட்டால் அந்தக் கேள்விக்கு அவர்களே பதில் தேடத் தொடங்குகிறார்கள். கண்டன் மறவன் யார், மறவன் கண்டன் யார் என்று கேட்டுக்கொண்டு மேலப்பழுவூருக்கும் நடக்கிறார்கள். கல்கியைப் படித்துவிட்டு வந்தவர், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் இராசகேசரி, பரகேசரி என்ற சோழர் பட்டப்பெயர்களைத் தேடிப் போகிறார். நாவலுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கல்கி எவ்வளவு கல்லைப் படித்துவிட்டு எவ்வளவு துணிச்சலோடு கற்பனை செய்தார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

இப்போது வேலை கடலைத் தாண்டிவிட்டது. வந்தியத்தேவன் கோடிக்கரையில் பூங்குழலியின் படகேறி ஈழம் போகும் பகுதிக்கு, மன்னாரிலிருந்து ஒரு வாசகர் சேர்ந்திருக்கிறார். மாதோட்டத்தைத் திருக்கேதீஸ்வரத்துப் பக்கம் எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் குறித்து அனுப்பினார். அது மூன்று லேயரிலும் ஏறியது. அடுத்து நாகத்தீவு. கல்கி சொல்லும் தீவு முதல் லேயரில் இருக்கும். நயினாதீவின் பழைய பெயர் நாகதீபம் என்ற மரபு இரண்டாவது லேயருக்குச் சான்றோடு வர வேண்டும். இரண்டும் ஒரே இடமா என்பதற்கு மன்னார்க்காரர் கடல் நீரோட்டத்தையும் ஆடி ஆவணிக் காற்றையும் மீனவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். குறிப்பு வரும்வரை அந்தக் கடல்வழியைப் புள்ளிக்கோடாக விட்டுவிட்டு, வரைவாளர் அனுராதபுரத்துச் சாலையைத் தொடங்கியிருக்கிறார். பெரம்பலூரில் கொடும்பாளூர் வேளிருக்கான தாள் மேசைக்கு வந்திருக்கிறது.